கோப்பி மண்டி கட்டிய கை

1. டிரெசிங் அறை

வெந்த தோலை நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்கு உரியவள் தன் கலியாணச் சேலையைப் பற்றி என்னிடம் கதைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பதுகளின் கடைசியில் நடந்தது இது. வலிகாமத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நேர்ஸாக இருந்தேன். படிப்பு முடித்து மூன்றாம் வருடம். ஆஸ்பத்திரியின் பேரையும் டொக்டரின் பேரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவள் யார் என்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவளைத் தெய்வானை என்று சொல்லிக்கொள்கிறேன். இணுவில் பக்கம், புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வயது இருபத்திரண்டு. தகப்பனும் தாயும் இல்லை. அண்ணன் கந்தசாமிதான் வளர்த்தவர். அன்றைக்கு அவளை வண்டிலில் கூட்டிவந்தவரும் அவர்தான். டிரெசிங் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

இடது முன்னங்கையின் உள்பக்கத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, வெற்றிலை அளவில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அப்படிப்பட்ட காயத்தில் போரிக் லோஷன் பட்டால் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிற ஆண்களே மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நேர்சம்மா, ஆவணிக்குள்ளை ஆறிடுமோ?" என்று கேட்டாள்.

"ஆவணியிலை என்ன?"

"கலியாணம். அவர் மலாயாவிலை கிளாக்கர். லீவிலை வாறார். நாளைக்கு அவரின்ரை ஆக்கள் என்னைப் பாக்க வருகினம்."

"இது என்னெண்டு சுட்டது?"

"கோப்பி மண்டி. கேத்திலுக்கை கிடந்ததை அப்பிடியே வழிச்சு வைச்சுச் சீலையாலை கட்டினனான். பிறகு அண்ணி அவிழ்க்க, தோலும் சேர்ந்து வந்திட்டுது."

"வைக்கேக்கை சுடேல்லையோ?"

"பெரிசாச் சுடேல்லை. இளஞ்சூடு எண்டு நினைச்சன்." பிறகு வலது கையை நீட்டினாள். ஆட்காட்டி விரல் நுனியில் பயறளவு கொப்புளம் ஒன்று. "இதுதான் நோகுது. கேத்தில் மூடி பட்டது. இதுக்கும் ஏதாவது போட்டு விடுங்கோ."

கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தேன். ஒரு கையில் பயறளவு சூடு நோகிறது. மற்றக் கையில் வெற்றிலை அளவு வெந்தது நோகவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் படித்திருந்தேன்.

"ஏன் பிள்ளை கோப்பி மண்டியைக் கட்டினனி?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கள்தானே பூசலாம் எண்டு சொன்னியள்."

குறை சொல்கிற குரல் இல்லை. எனக்கு ஞாபகமூட்டுகிற குரல்.

2. ஏழு மாதம் முந்தி

ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. மார்கழி மாதம் ஒருநாள் இவள் தன் அண்ணியோடு வந்திருந்தாள். அண்ணிக்குப் பிள்ளை தங்கியிருக்கிறதா என்று பார்க்க வந்த நாள் அது. நான் நோயாளர்களுக்குத் துண்டு எழுதிக்கொண்டிருந்தேன். வாங்குப் பலகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். இவள் மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நேர்சம்மா, கோப்பி தோலுக்கு நல்லதோ?"

"குடிக்கவோ, பூசவோ?"

"பூச."

அந்த நாட்களில் வெள்ளைக்கார மிசியம்மாமார் படித்துவிட்டுப் போடும் இங்கிலீஷ் சஞ்சிகைகள் எங்கள் விடுதிக்கு வரும். அதில் ஒன்றில், கோப்பி மண்டியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் தோல் மினுங்கும் என்று போட்டிருந்தது. நானும் நாலைந்து தரம் தேங்காய்ப்பாலில் குழைத்து முகத்துக்குப் பூசியிருந்தேன். மினுங்கியதோ இல்லையோ, வாசமாக இருந்தது.

"பூசலாம். ஒரு கெடுதலும் செய்யாது. நானும் பூசுறனான்," என்றேன். "கோப்பி குடிச்சால் கறுப்பாய் வருவம் எண்டு ஊரிலை சொல்லுவினம். பூசினால் வெள்ளையாய் வருவமோ எண்டு எனக்குத் தெரியாது."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. நான் அடுத்த துண்டை எழுதத் தொடங்கினேன். அவள் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். மணிக்கட்டு வரை இறங்கிய சட்டைக் கையை வலது கையால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு போய் இருந்துவிட்டாள்.

எங்கே பூச, எதற்குப் பூச என்று நான் கேட்கவில்லை. அந்தச் சட்டைக் கைக்குள்ளே, முழங்கைக்குக் கீழே, வெளிறிய படை ஒன்று இருந்தது. தேமல் என்று நினைத்து அதைத்தான் அவள் மறைத்துக்கொண்டிருந்தாள். கோப்பியின் சாயம் ஏறினால் அந்த இடம் மற்றத் தோலின் நிறத்துக்கு வரும், கொஞ்சக் காலத்தில் படையும் மாறிவிடும் என்பது அவள் எண்ணம். ஏழு மாதமாகப் பூசிவந்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள் கிட்டியதும், சூட்டோடு வைத்தால் சாயம் நல்லாய் இறங்கும் என்று கேத்திலில் இருந்தே வழித்துக் கட்டியிருக்கிறாள்.

அவள் கேட்டது கோப்பியைப் பற்றித்தான். நானும் கோப்பியைப் பற்றியே பதில் சொல்லி அனுப்பினேன்.

3. பஞ்சு

டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஐம்பது வயதுத் தமிழர். ஆறுதலாகக் கதைப்பவர். எதைச் செய்தாலும் நோயாளிக்குச் சொல்லிவிட்டுச் செய்வார். காயத்தைப் பார்த்தார். காயத்தைச் சுற்றி எஞ்சியிருந்த வெளிறிய தோலைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை, கண்ணை மூடு. நான் பஞ்சாலை தொடுவன். தொட்டவுடனை ஓம் எண்டு சொல்லு."

பஞ்சை நூல்போலத் திரித்து வலது கையில் தொட்டார்.

"ஓம்," என்றாள். "ஓம். ஓம்."

இடது தோளில் தொட்டார். "ஓம்." மேற்கையில் தொட்டார். "ஓம்." முழங்கையைத் தாண்டி வெளிறிய இடத்துக்கு வந்தார். பஞ்சு தோலில் பட்டு மெல்ல நகர்ந்தது. இன்னோர் இடத்தில் தொட்டார். இன்னோர் இடம். சுண்டுவிரல் பக்கம் வரை போனார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சற்று உயர்த்தி, கவனமாகக் காத்திருந்தாள்.

"தொடங்கேல்லையோ, ஐயா?" என்று கேட்டாள்.

டொக்டர் பஞ்சைத் தட்டில் வைத்தார். "தொடங்கியிட்டன், பிள்ளை," என்றார் பிறகு.

அடுத்து குண்டூசி. அதன்பிறகு ஒன்றில் சுடுதண்ணீரும் மற்றதில் பச்சைத்தண்ணீருமாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். எது சூடு, எது குளிர் என்று அவளுக்குத் தெரியவில்லை. டொக்டர் முழங்கைக்குப் பின்புறம் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது.

பெருநோய். குட்டம் என்ற சொல்லை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெரிய வியாதி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். அந்த நோய் என்று எழுதப்பட்டவர்களைத் தூரத்துத் தீவு ஒன்றில் இருந்த தனி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்புவது அன்றைய வழக்கம். போனவர்கள் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

மூக்கிலும் காதிலும் சுரண்டி எடுத்துச் சிலைட்டில் பூசி மைக்கிரஸ்கோப்பில் பார்த்தோம். இரண்டாம் தரமும் எடுத்துப் பார்த்தோம். கிருமி ஒன்றும் தெரியவில்லை. டொக்டருக்கு ஆறுதலாக இருந்தது. நரம்பில் மட்டும் நிற்கிற வகை. மற்றவர்களுக்குத் தொற்றாது. காலம் தாழ்த்தாமல் ஊசி தொடங்கினால் நிறுத்தலாம்.

4. அண்ணன்

டொக்டர் கந்தசாமியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நானும் நின்றேன். தெய்வானை வெளியே வாங்கில் இருந்தாள்.

டொக்டர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். என்ன நோய் என்றார். தீவுக்கு அனுப்பத் தேவையில்லை, மேலிடத்துக்குத் தானே எழுதிப் பொறுப்பெடுப்பதாகச் சொன்னார். வியாழக்கிழமை தோறும் ஊசிக்கு வரவேண்டும், மூன்று நாலு வருடம் பிடிக்கும் என்றார். கடைசியாக, "உந்தப் பிள்ளையாலை ஆருக்கும் தொத்தாது. வீட்டிலை எல்லாரோடையும் இருக்கலாம், சாப்பிடலாம், படுக்கலாம். ஒதுக்கி வைக்க வேண்டாம்," என்றார்.

கந்தசாமி தலையை ஆட்டினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் விறாந்தையில் என்னை நிறுத்தினார்.

"தங்கச்சி, ஒரு உதவி செய்யவேணும். ஆவணி மட்டும் ஒண்டையும் எழுதாதேங்கோ. கலியாணம் முடிஞ்சால் நான் எப்பிடியும் கூட்டிக்கொண்டு வாறன். அடுப்படியிலை சுட்ட புண் எண்டு நாளைக்கு அவையளுக்குச் சொல்லலாம். அது பொய்யில்லைத்தானே?"

"டொக்டர்தான் அண்ணை முடிவெடுக்கவேணும்."

"நீங்கள் சொன்னால் அவர் கேப்பார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. இதை விட்டால் அவளுக்கு ஒண்டும் இல்லை."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஓம் என்று சொல்லத்தான் மனம் வந்தது. ஏழு மாதம் பிந்தியதில் என் பங்கு எனக்குத் தெரியும். அதை எதையாவது கொடுத்து ஈடுசெய்யவேண்டும்போல இருந்தது. அன்று இரண்டு பேரும் வண்டிலில் ஏறிப் போனார்கள்.

அடுத்த வியாழக்கிழமை வந்தவுடன் தெய்வானையே சொன்னாள். "நான் அந்தக் கலியாணம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. நாலு நாளா என்னோடை கதைக்கிறேல்லை."

"நீயாத்தான் சொன்னனியோ?"

"ஓம். வண்டிலிலை போகேக்கை அண்ணை நோயைச் சொன்னவர். மறைப்பம் எண்டும் சொன்னவர். நான் யோசிச்சுப் பாத்தன்." கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவர் ஒருநாள் என்ரை கையைப் பிடிப்பார், நேர்சம்மா. பிடிச்சது எனக்குத் தெரியாது. அப்ப நான் என்ன சொல்லுறது?"

காரணத்தை யாருக்கும் சொல்லாததால் ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தது. மலாயா மாப்பிள்ளையையே வேண்டாம் என்ற திமிர்க்காரி என்று பேர் வந்தது. அந்தப் பேர் பரவாயில்லை என்று அவள் இருந்துவிட்டாள்.

5. வியாழக்கிழமைகள்

அந்த நோய்க்கு அப்போது இருந்த ஊசி மருந்து சால்மூக்ரா எண்ணெய், தடித்த மஞ்சள் எண்ணெய். போத்தலை வெந்நீரில் வைத்து இளக்கித்தான் ஊசியில் ஏற்ற முடியும். படையைச் சுற்றியும் படைக்குள்ளும் தோலுக்குள்ளே சின்னச் சின்னதாகப் போடவேண்டும், ஒரு தடவைக்கு இருபது முப்பது குத்து. உணர்ச்சி உள்ள விளிம்பில் போடும்போது உயிர் போகும். நடுவில் போடும்போது ஒன்றும் தெரியாது. அவள் விளிம்பில் பல்லைக் கடிப்பாள். நடுவுக்கு வந்ததும் மூச்சு விடுவாள். எனக்கு அந்த மூச்சுத்தான் கேட்கப் பயம்.

முதல் வருடத்திலேயே ஒரு வியாழக்கிழமை அவளிடம் சொன்னேன்.

"தெய்வானை, அண்டைக்கு நீ கோப்பியைக் கேட்ட நேரம் நான் உன்ரை கையைப் பாத்திருக்கவேணும். பாக்காமல் விட்டிட்டன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் கேட்டிருந்தாலும் அத்தினை பேருக்கு முன்னாலை நான் காட்டியிருக்கமாட்டன்."

அது உண்மையாகவும் இருக்கலாம், எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் காட்டுவதும் விடுவதும் அவள் பாடு. கேட்பது என் வேலை. என் வேலையை நான் செய்யவில்லை. கோப்பி அவளுக்கு நோயைக் கொடுக்கவில்லை, நோயை மாற்றவும் இல்லை. ஏழு மாதம் அந்த வெளிறலைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்தது, அவ்வளவுதான். அந்த ஏழு மாதத்தில் நரம்பு தடித்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் உள்ளே மடங்கத் தொடங்கின. டொக்டர் பனைமட்டையைச் சீவி வைத்துக் கட்டி நிமிர்த்தப் பார்த்தார். ஓரளவுக்குத்தான் நிமிர்ந்தன.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒருநாள் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை உள்ளே ஊசி இறங்கியபோது கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"நோகுது," என்றாள்.

நான் ஊசியைப் பிடித்தபடி நின்றேன். "எங்கை?"

"நீங்கள் குத்தின இடத்திலைதான். நல்லா நோகுது." அவள் அழுதுகொண்டிருந்தாள். நோவால் அழவில்லை. டொக்டரைக் கூப்பிட ஓடினேன். அந்த ஆஸ்பத்திரியில் நோகிறது என்று ஒருவர் சொல்லி நாங்கள் மூன்று பேரும் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

ஊசி முடிந்தபிறகு சில நாட்களில் அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுப்பேன். எங்கள் கோப்பையை வாங்கமாட்டாள். சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த தன் தகரப் பேணியை நீட்டுவாள். வாங்கிலும் கடைசி மூலையில்தான் இருப்பாள். சைவக்காரர் மிஷன் ஆஸ்பத்திரிக் கோப்பையில் குடிக்காதது அந்தக் காலத்தில் புதினமில்லை. ஆசாரம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதையும் நான் கேட்கவில்லை.

6. கடைசி ஊசி

நாலாம் வருடம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்துவிட்டது. எண்ணெய் போத்தல்கள் வருவதும் அரிதாகிவிட்டது. டொக்டர் பஞ்சு, ஊசி, குழாய் எல்லாம் வைத்துப் பார்த்தார். சிலைட்டும் பார்த்தார். ஒரு வருடமாக எதுவும் கூடவில்லை. இரண்டு விரல்களும் அவற்றின் கீழே ஒரு துண்டுத் தோலும் மட்டும் மரத்தபடி நின்றன.

"இனி ஊசி வேண்டாம், பிள்ளை. வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து காட்டு. அடுப்படியிலை மட்டும் கவனம். சூட்டை மற்றக் கையாலை தொட்டுப் பாத்துக்கொள்."

அவள் எழும்பவில்லை.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?"

"கேள்."

"இனி நான் வீட்டுக்குள்ளை படுக்கலாமோ?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "இப்ப எங்கை படுக்கிறாய்?"

"மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலை அண்ணை ஒரு கொட்டில் போட்டுத் தந்தவர். சாப்பாடும் அங்கைதான் வரும். என்ரை பேணியும் சாப்பாட்டுக் கோப்பையும் வேறை."

"எப்ப தொடக்கம்?"

"அந்த ஆனி தொடக்கம். கையைச் சுட்டுக்கொண்டு வந்தன், அப்ப தொடக்கம்."

டொக்டர் மெதுவாகச் சொன்னார். "உன்னாலை ஆருக்கும் தொத்தாது எண்டு நான் அண்ணைக்கு முதலே சொன்னனான். எல்லாரோடையும் ஒண்டா இருக்கலாம் எண்டு சொன்னனான்."

"அண்ணை எனக்குச் சொல்லேல்லை," என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். நாலு வருடத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"கொட்டிலுக்குப் போய்ப் பத்து நாளிலை அண்ணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. துடக்குக் கழிஞ்ச பிறகு அண்ணி கொண்டுவந்து முற்றத்திலை நிண்டு காட்டினவ. கிட்ட வர வெளிக்கிட, நான்தான் வராதேங்கோ எண்டு கத்தினனான்." மடங்கிய விரல்களை மற்றக் கையால் தடவினாள். "அப்ப, தூக்கியிருக்கலாம் என்ன?"

"ஓம், பிள்ளை," என்றார் டொக்டர்.

வாசலில் வண்டிலோடு நின்ற கந்தசாமியிடம் நானே போனேன். கோபத்தோடுதான் போனேன். அவர் மறுக்கவில்லை.

"டொக்டர் சொன்னவர்தான். எனக்குத்தான் நம்பப் பயமாயிருந்தது. வீட்டிலை பிள்ளை பிறக்கப்போற நேரம். ஒரு மாதம் பாப்பம், இரண்டு மாதம் பாப்பம் எண்டு விட்டன். பிறகு எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது, தங்கச்சி?"

அவர் கெட்டவர் இல்லை. நாலு வருடமும் மழையிலும் வெயிலிலும் ஒரு வியாழக்கிழமை தவறாமல் வண்டில் கட்டி அவளைக் கூட்டிவந்தவர். அவரை ஏசி முடிந்தபிறகு எனக்கு வேறொன்று உறைத்தது. நானும் அன்றைக்கு அந்த அறையில் நின்றவள். டொக்டர் சொன்னதெல்லாம் என் காதிலும் விழுந்தது. நாலு வருடமாக அவள் என் முன்னால் இருந்து கையை நீட்டினாள். நீ எங்கே படுக்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்று ஒரு வியாழக்கிழமையாவது நான் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

தெய்வானை அந்தக் கிழமையே வீட்டுக்குள் போனாள். ஆனால் அண்ணியின் பிள்ளை ஒரு மாதத்துக்கு மேலாக அவளிடம் போகவில்லை. கொட்டில் பக்கம் போகாதே என்று பழக்கப்பட்ட பிள்ளை. பிறகு தானாகப் போயிருக்கிறது. அவள் அதைச் சொன்னபோது, தூக்கினாயா என்று கேட்டேன். "பாரம், நேர்சம்மா," என்றாள். "ஒரு கை சரியாப் பிடிக்காது. பக்கத்திலை இருத்தி வைச்சிருக்கிறன்."

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். யாராவது ஒரு பெண் மேசைக்கு வந்து, இதைப் பூசலாமா, அது தோலுக்கு நல்லதா என்று கேட்டால், திரைச்சீலைக்குப் பின்னால் கூட்டிப்போய் எங்கே என்று காட்டச் சொன்னேன். பெரும்பாலும் வெறும் தேமல்தான். ஆனாலும் பார்த்தேன். நோயைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தால், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்லி, நோயாளியையே முன்னால் இருத்திச் சொன்னேன். சொன்னதைத் திரும்ப ஒருதரம் எனக்குச் சொல்லிக் காட்டும்படி கேட்டேன். நீ எங்கே படுக்கிறாய் என்றும் கேட்டேன். நான் தமையன், நான் புருஷன், எனக்குச் சொல்லாமல் அவளுக்கு என்ன தனியாக என்று சிலர் கோபித்தார்கள். ஒருவர் மேலிடத்துக்குக் கடிதமும் எழுதினார். நான் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லவேண்டியதைச் சொன்னேன்.